கீறல் விழுந்த இடம்

மேடையில் ஜெபு என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று சற்று முன்தான் பேசி வைத்திருந்தோம்.

நான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கல்லூரி ஆடிட்டோரியம், கலை விழா. வெளியே மழை ஓய்ந்து கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஈரச் சட்டைகளின் வாடை, அதைத் தாண்டி கேன்டீனிலிருந்து பழம்பொரி வாசனை. பசி வேறு. கை வியர்த்துக் குச்சி வழுக்குகிறது.

முன் வரிசையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு விக்கி. பெங்களூரிலிருந்து சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த பேண்டின் தலைவன். அவர்களுடைய கிடாரிஸ்ட் வெளிநாடு போகிறான். அந்த இடத்துக்கு இன்றைக்கு மேடையேறும் பையன்களில் ஒருவனைக் கையோடு கூட்டிப் போகப் போவதாக நோட்டீசிலேயே போட்டிருந்தது, அவனே மைக்கிலும் சொல்லியிருந்தான்.

அந்த இடம் எங்கள் கிடாரிஸ்ட் ஜெபுவுக்கு வேண்டும். அவனுக்குச் சோறு தண்ணி கூட இரண்டாம்பட்சம். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை கிள்ளும் அம்மாவிடம் "பாம்பே, கல்கத்தா எல்லாம் வாசிக்கப் போறேம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தான். இது கிடைக்காவிட்டால் மாமாவோடு வயரிங் வேலை. அதற்குப் புது டெஸ்டர் கூட வாங்கி வைத்துவிட்டார் மாமா.

அவன் திரும்பிப் பார்த்தது சோலோவில். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது உங்களுக்கு விளங்காது.

விரலா, முடியா?

போன வாரம் இந்தப் பத்தியில், டிரம்ஸ் வாங்குவதற்கு முன் தகர சூட்கேஸில் தட்டிப் பழகியதை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "கரமனை அக்ரஹாரத்தில் பிறந்துவிட்டு ராக் பேண்டா?" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஐயா, எங்கப்பாவே இவ்வளவு வருத்தப்படவில்லை. நீங்கள் காபி குடியுங்கள்.

அதே கடிதத்தின் கடைசியில் உருப்படியாக ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். ஒரு ராக் கிடாரிஸ்ட் எப்போது ஜாம்பவான் ஆகிறான்? இதைத்தான் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடையில் நாங்கள் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டோம்.

பேஸ் கிடார் வாசிக்கும் பிஜு சொல்வான், வேகம். விரல் கண்ணுக்குத் தெரியக் கூடாது. நான் சொல்வேன், முடி. முதுகு வரைக்கும் முடி இல்லாதவன் எவ்வளவு வாசித்தாலும் அவன் வெறும் மியூசிக் டீச்சர்தான். இப்போது என் தலையைப் பார்ப்பவர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

காசெட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த சசி சேட்டன் தன் வியாபாரத்தை வைத்து ஒரு கணக்கு சொன்னார். "எடா, ஆருடெ காசெட் கொண்டுபோனா திரிச்சு வரில்லையோ, அவன் பெரிய ஆளு." இரவல் வாங்கிப் போனவன் திருப்பித் தர மனம் வராத காசெட் எவனுடையதோ அவனே ஜாம்பவான்.

ஜெபு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "கேக்கறவன் வெறுங்கையில கிடார் பிடிக்கணும்டா. அவனுக்கே தெரியாம விரல் அசையணும். எந்த இடத்துல அசையுதோ, அங்க இருக்கான் அவன்."

சொல்லும்போதே அவனுடைய இடது கை விரல்கள் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. டீக்கடைக்காரர் மீதிக் காசு கேட்கிறானோ என்று பார்த்தார்.

சசி சேட்டனின் ஊசி

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இங்கிலீஷ் ராக் பாட்டு வேண்டுமென்றால் கதி சசி சேட்டன்தான். வெற்று காசெட்டைக் கொடுத்துவிட்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதிக் கொடுத்தால் ரெண்டு நாளில் பதிந்து தருவார். கடைக்குள் போனால் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் சேர்ந்து ஒரு மாதிரி இருக்கும். இன்றைக்கும் எங்காவது பழைய ரேடியோ சூடாகும்போது எனக்கு அந்தக் கடை ஞாபகம் வந்து நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு பாட்டு இருந்தது. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறேன். வாசித்தவனை நாங்கள் தாடிக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். நடுவில் ஒரு கிடார் சோலோ. ஏறிக்கொண்டே போய் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணுக்கு வரும். அந்தத் துணுக்கு அப்படியே மூன்று தடவை. ஒவ்வொன்றின் முடிவிலும் "டக்" என்று ஒரு சத்தம். மூன்றாவது முடிந்ததும் பாட்டு விட்டுக்கொடுத்த மாதிரி கீழே இறங்கும். கேட்டவனுக்கெல்லாம் மயிர்க்கூச்செடுக்கும்.

அந்த டக் என்ன வாத்தியம் என்பதில் சண்டையே நடந்தது. மரக்கட்டை என்றான் ஒருவன். தாடிக்காரன் மோதிரத்தால் கிடாரைத் தட்டுகிறான் என்றான் பிஜு. நான் டிரம்மின் விளிம்பில் குச்சியை ஒரு மாதிரி சாய்த்து அடித்து அச்சாக அதே டக்கைக் கொண்டுவந்தேன். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலமே ஆயிற்று, அதனால்தான் எங்கள் பேண்டுக்கே ஊரில் பேர்.

நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். எங்களுக்குத் தோன்றவே இல்லை. சசி சேட்டனுக்கு யாரோ கப்பல்காரர் இரவல் கொடுத்த ரெக்கார்டில் கீறல். ஊசி அங்கே வந்ததும் தடுக்கித் தடுக்கி ஒரே பள்ளத்தில் சுற்றியிருக்கிறது. மூன்றாவது சுற்றில் சேட்டன் மேஜையை விரலால் ஒரு இடி இடித்திருக்கிறார். அந்தப் பதிவிலிருந்துதான் ஊருக்கே காசெட்.

ஊரில் ராக் கேட்டவன் அத்தனை பேரும் கீறலோடுதான் கேட்டான்.

அப்பாவின் ஒப்புதல்

எனக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் என் ரத்தம். எங்கள் தெருவில் கச்சேரிக்குத் தொடையில் தாளம் போடாதவன் கிடையாது. ஒரு துணுக்கு மூன்று தடவை வந்து முடிந்தால் எங்களுக்கு அது தீர்மானம். மிருதங்கக்காரர் அப்படித்தானே முடிப்பார். எனவே நான் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினேன். வெள்ளைக்காரன் நம்ம சங்கதியைக் கற்றுக்கொண்டு தீர்மானம் வைக்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஒருநாள் அப்பாவுக்கே போட்டுக் காட்டினேன். ஆபீசிலிருந்து வந்து வேஷ்டி மாற்றிக்கொண்டு ஈசிசேரில் சாய்ந்திருந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டார். விரல் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தது.

"எடுப்பு இடிக்கறதுடா. அரைக்கால் எங்கேயோ முழுங்கிட்டான். ஆனா மூணு வந்துடுத்து. பரவாயில்லை, ஏதோ கேட்டுண்டிருக்கான்."

"அந்தச் சனியனைக் கொஞ்சம் சின்னதா வைங்கோ, குக்கர் சத்தமே கேக்கலை" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அப்பாவே சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அரைக்கால் முழுங்கியது ஊசி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"ரெண்டு தடவை விட்டுட்டீங்க"

விழா அன்று மத்தியானம் விக்கியின் பேண்டு முதலில் வாசித்தது. அடேயப்பா, என்ன சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடைசியாக எங்கள் பாட்டையே எடுத்தார்கள். ஹால் முழுக்க எழுந்து நின்றுவிட்டது.

சோலோ ஏறியது. துணுக்கு வந்தது. ஒரே ஒரு தடவை. டக் இல்லை, ஒன்றும் இல்லை. விக்கியின் கிடாரிஸ்ட் தன் பாட்டுக்குக் கீழ் சுரத்துக்கு இறங்கிப் போய்விட்டான்.

எங்கோ பின்னாலிருந்து "தெற்றிப்போயி" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், கூவல் ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்க் கூவலை வாங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெங்களூர்க்காரன் தப்பாக வாசித்துவிட்டான் என்று ஊரே ஒரே குரலில் ஊளையிட்டது. விக்கி மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

எனக்கும் பிஜுவுக்கும் உள்ளூரச் சந்தோஷம். ஜெபுவுக்கு மட்டும் பாவமாகிவிட்டது.

"யாரும் சொல்லிக் குடுக்கல போலடா. நான் போய்ச் சொல்லிட்டு வந்திடறேன்."

"ஒன்ன யாருடா கேட்டா? வேலையப் பாரு."

"தப்பா வாசிச்சா சொல்லணும்ல?"

சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனான். நானும் ஓடினேன். விக்கி ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தான். ஜெபு கைகட்டி நின்று, "சார், அந்தத் துணுக்கு மூணு தடவை வரும். நீங்க ரெண்டு தடவை விட்டுட்டீங்க" என்றான்.

விக்கி அவனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "வாசிச்சுக் காட்டு குரு" என்றான். பெங்களூர்க்காரர்களுக்கு எல்லோரும் குருதான்.

ஜெபு வாசித்தான். நான் பெஞ்சில் டக் போட்டேன். விக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பையிலிருந்து கையடக்க சிடி பிளேயரை எடுத்து ஜெபுவின் காதில் மாட்டிவிட்டான்.

ஜெபுவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் அந்த இடத்தில் என் கையைப் பிடித்தான். பிடி வலித்தது.

"டக் இல்லடா மணி" என்றான்.

விக்கி கெட்டவன் இல்லை. சிரித்து முடித்ததும் தோளில் கை போட்டான். "நீ நல்லா வாசிக்கிற. உன்னைத்தான் கூட்டிட்டுப் போகலாம்னு தோணுது. ஆனா நாங்க ஊர் ஊரா சுத்துறோம். பாட்டைப் பாட்டா வாசிக்கிறவன்தான் வேணும். மேடையில சரியா வாசி. அது போதும்."

ஹால் விட்டுக்கொடுக்கவில்லை

கேன்டீனுக்குப் பின்னால் நின்று அவசர அவசரமாக ஒத்திகை பார்த்தோம். ஜெபு சரியான வடிவத்தைச் சட்டென்று பிடித்துவிட்டான். எனக்குத்தான் கை கேட்கவில்லை. துணுக்கு வந்ததும் கை தானாக விளிம்புக்குப் போய்விடும். "டக் கிடையாது. என்னையே பார்க்காத, நானும் திரும்ப மாட்டேன். நேரா போயிடுவோம்" என்றான் ஜெபு. சரி என்று சத்தியம் செய்தேன்.

மேடை. பாட்டு. இதோ சோலோ ஏறுகிறது. முன் வரிசையில் விக்கி முன்னால் சாய்ந்து உட்காருகிறான். ஜெபுவின் வாசிப்பு அன்றைக்கு எப்படி இருந்தது என்று நான் எழுத முயன்று நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. சுருதி சுத்தம், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

துணுக்கு வந்தது. வாசித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அடக்கினேன். ஜெபு சரியாக அடுத்த சுரத்துக்கு இறங்கினான்.

அப்போது ஹால் டக் என்றது.

நான் இல்லை. ஹால். அத்தனை பையன்களும் பெண்களும் அந்த இடத்துக்காகவே காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். ஈர செருப்போடு ஒரே மிதி. தரை என் ஸ்டூலை உலுக்கியது. பார்த்தால், கண்ணுக்கெட்டிய வரை எல்லோருடைய இடது கையும் காற்றில் மேலே நிற்கிறது. விரல்கள் அந்தத் துணுக்கைப் பிடித்திருக்கின்றன. பாட்டு கீழே இறங்கிவிட்டது, ஊர் இறங்க மாட்டேன் என்கிறது.

அப்போதுதான் ஜெபு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பார்த்தவன் சிரித்தான். திரும்பி மேலே ஏறினான். துணுக்கு. நான் அடித்தேன் டக். ஹால் அடித்தது டக். மறுபடி துணுக்கு, டக். மூன்றும் முடிந்தது, தீர்மானம் சரி, இனி இறங்க வேண்டும். நான் இறங்கத் தயார்.

அவன் இறங்கவில்லை. நாலாவதாக அதே துணுக்கை எடுத்தான். பாதியில் கடைசி சுரத்துக் கம்பியை விரலால் மேலே தள்ளி இழுத்து, அங்கேயே நிறுத்தினான். முடிக்கவில்லை. அழுகிற மாதிரியும் கேலி செய்கிற மாதிரியும் அந்தச் சத்தம் நின்றுகொண்டே இருக்கிறது. ஹால் மூச்சு விடவில்லை. எந்த ரெக்கார்டிலும் இல்லாத இடம் அது. ஊசியே போகாத இடம். தாடிக்காரனுக்கும் தெரியாது, சசி சேட்டனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் எங்கே விழ வேண்டும் என்று எப்படித் தெரிந்ததோ. கை போயிற்று. டக்.

கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. பிஜு அழுதுகொண்டே வாசித்தான், மடையன். நானும்தான் அழுதேன், வியர்வை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

விக்கி எழுந்து நின்று கைதட்டினான். ரொம்ப நேரம் தட்டினான். பிறகு கோட்டயத்துப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தான். அவன் வேறு ஒரு பாட்டைச் சிடியில் உள்ளபடியே வாசித்தவன்.

பஸ் வரும்வரை

மறுநாள் காலை ஜெபுவைப் பஸ் ஏற்றிவிடத் தம்பானூர் போனேன். போனக்காட்டுக்குப் பஸ் அபூர்வம், விட்டால் அடுத்ததுக்குத் தவம் கிடக்க வேண்டும். கிடாரை உரச்சாக்குப் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. விக்கியை, கோட்டயத்துப் பையனை, சிடி கண்டுபிடித்தவனை எல்லோரையும் திட்டினேன்.

"எனக்குப் போகணும்னு இருந்துச்சுடா" என்றான் ஜெபு கடைசியில். "ரொம்ப இருந்துச்சு."

"பின்ன எதுக்குடா திரும்பினே? நேரா போயிருந்தா இந்நேரம் பெங்களூர் ரயில்ல இருப்பே."

"அத்தனை பேர் கையைத் தூக்கிட்டு நிக்கிறாங்க. எப்படிறா விட்டுட்டுப் போறது?"

பஸ் வந்தது. ஏறிவிட்டான். நான் அந்த டீக்கடைக்குப் போய் தனியாக ஒரு டீ குடித்தேன். நன்றாகவே இல்லை.

நாலாவது தடவை

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து. எனக்குக் கல்யாணமாகி, முடி கொட்டி, அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. ஜெபு மாமாவோடு வயரிங் வேலையும் பார்த்தான், நெடுமங்காட்டில் சனி ஞாயிறு கிடார் வகுப்பும் எடுத்தான். அவனிடம் படித்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாட்டை டக்கோடுதான் வாசிக்கும்.

விக்கியின் பேண்டு அதற்குள் பெரிய பேண்டாகிவிட்டிருந்தது. ஊரில் திறந்தவெளி மைதானத்தில் சாயங்காலக் கச்சேரி. நானும் ஜெபுவும் டிக்கெட் எடுத்துப் போனோம். நான் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன், அவன்தான் இழுத்துப் போனான்.

எங்கள் பாட்டை எடுத்தார்கள். இப்போது சோலோவுக்கு விக்கியே கிடார். சோலோ ஏறியது. துணுக்கு.

டக்.

அவர்களுடைய டிரம்மர் அடித்தான். என் டக். விளிம்பில், சாய்த்து. துணுக்கு, டக். துணுக்கு, டக். பிறகு நாலாவது. நாலாவதும் இருந்தது. கம்பியை இழுத்து, முடித்து, டக். மைதானம் ஆடியது. பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் ஒருவன் என்னிடம், "அங்கிளே, இது இவருடெ ஸ்பெஷல், பம்பாயிலயும் இங்ஙனதான் வாசிப்பாரு" என்று விளக்கம் வேறு சொன்னான்.

எனக்கு வந்ததே கோபம். "திருட்டுப் பய, மேடையில ஏறி ரெண்டு கேக்கறேன்" என்று கிளம்பினேன். ஜெபு என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கண் பளபளவென்று இருந்தது, நெற்றி மட்டும் சுருங்கியிருந்தது.

"நாலாவதுல அவன் காத்திருக்கல" என்றான்.

"என்னது?"

"உடனே முடிச்சிட்டான்டா. நிறுத்தணும். அங்கதானே எல்லாம் இருக்கு."

கச்சேரி முடிந்ததும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டான். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. தெரியும். பின்னாலேயே போனேன்.

காவலாளி தடுத்தார். ஜெபு, "ஒரு சின்ன விஷயம், சொல்லிட்டு வந்திடறேன்" என்று அவரிடம் மலையாளத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து விக்கி எட்டிப் பார்த்தான். முடி நரைத்திருந்தது. ஜெபுவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். எங்களை உள்ளே வரச் சொல்லிக் கையை ஆட்டினான்.

ஜெபு கைகட்டி நின்றான். "சார், அந்த நாலாவது தடவை..."

"தெரியும்" என்றான் விக்கி. "எத்தனையோ மேடையில முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன். எனக்கு வரவே மாட்டேங்குது குரு."

கழுத்திலிருந்து கிடாரைக் கழற்றி ஜெபுவின் கையில் கொடுத்தான். அவனுடைய பேண்டு ஆட்கள் எல்லாம் சுற்றி வந்து நின்றார்கள். கோட்டயத்துப் பையனும் இருந்தான், இப்போது அவனுக்கும் தொப்பை. தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, தனக்கே தெரியாமல் இடது கையை உயர்த்தினான்.

ஜெபு கம்பிகளை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான். நான் அவசரமாகச் சுற்றிலும் தேடினேன். ஸ்பீக்கர் வந்த பிளைவுட் பெட்டி ஒன்று கிடந்தது. அதன் முன்னால் முட்டி போட்டேன். ஒன்று, டக். இரண்டு, டக். மூன்று, டக். நாலாவதில் கம்பியை மேலே தள்ளி நிறுத்தினான்.

நின்றது. விக்கி வாயைத் திறந்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

டக்.